சார்ஜ் ஏறவில்லையா? ‘முடியாது’ என்றது யார் என்று முதலில் பாருங்கள்

எங்கள் குடியிருப்பின் பொது வாகன நிறுத்தத்தில் இருக்கும் மின்வாகன சார்ஜிங் கம்பங்களின் மின்பெட்டிச் சாவி என்னிடம் இருக்கிறது. அதனால் யாருடைய வண்டியில் சார்ஜ் ஏறாவிட்டாலும் அழைப்பு எனக்கு வரும். அழைக்கிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றேதான்: “சார்ஜர் பழுதாகிவிட்டது.” கீழே இறங்கிப் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் சார்ஜர் நலமாக நின்றுகொண்டிருக்கும். முழுதாக உள்ளே போகாத பிளக், எப்போதோ வைத்துவிட்டு மறந்துபோன நேர அமைப்பு, பக்கத்து வண்டி முடியட்டும் என்று காத்திருக்கும் வரிசை என்று ஏதாவது ஒரு சிறு காரணம் இருக்கும்.

மின்விசிறியின் ஸ்விட்சைத் தட்டினால் மின்சாரம் ஓடும். மின்வாகனம் அப்படியில்லை. கம்பமும் வண்டியும் முதலில் பேசிக்கொள்ள வேண்டும். இரண்டும் சம்மதித்த பிறகுதான் மின்சாரம் ஓடும். பேச்சு நடப்பது கேபிளுக்குள் இருக்கும் மெல்லிய ஒரு கம்பியில். எதுவும் செருகாதபோது அதில் 12 வோல்ட். வண்டியைச் செருகியதும் அது 9 வோல்ட்டாக இறங்கும். ‘நான் வந்துவிட்டேன்’ என்று பொருள். கம்பம் தன்னால் அதிகபட்சம் எத்தனை ஆம்பியர் தர முடியும் என்பதை அதே கம்பியில் துடிப்புகளாகச் சொல்லும். வண்டிக்கு விருப்பமிருந்தால் 6 வோல்ட்டாக இறக்கும். ‘கொடு’ என்று பொருள். அதற்குப் பிறகே கம்பத்துக்குள் ‘டக்’ என்று ஒரு ஓசை கேட்கும், மின்சாரம் ஓடத் தொடங்கும்.

இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பிழை தேடுவது பாதி முடிந்தது. சார்ஜ் ஏறாத ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் ‘முடியாது’ என்று சொல்லியிருக்கிறார். கம்பமா, கேபிளா, வண்டியா, அல்லது நீங்களே முன்பு ஒருநாள் சொல்லி வைத்ததா? கண்டுபிடிக்க எளிய வழி மாற்றிப் பார்ப்பது. அதே வண்டியை வேறு கம்பத்தில் செருகுங்கள். அதே கம்பத்தில் வேறு வண்டியைச் செருகுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மூன்றையும் ஒன்றாக மாற்றிவிட்டு ‘இப்போது ஏறுகிறது’ என்று மகிழ்ந்தால், நாளைக்கு மீண்டும் அதே இடத்தில் நிற்பீர்கள்.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. கருகிய வாடை, உருகிய பிளாஸ்டிக், வெடித்த கேபிள் உறை, உள்ளே செம்பு தெரியும் வெட்டு, வீங்கிய பேட்டரி: இவற்றில் எது இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு, எதையும் தொடாமல், பொறுப்பானவரை அழையுங்கள்.

கம்பத்தில் விளக்கே எரியவில்லை

முதலில் சிவப்புக் காளான் போன்ற அவசர நிறுத்தப் பொத்தானைப் பாருங்கள். சிறுவர்கள் அழுத்திவிடுவார்கள், பின்னால் எடுக்கும் வண்டி இடித்தும் அழுந்திவிடும். அதை அழுத்தியது யார், ஏன் என்று ஒரு நிமிடம் விசாரித்துவிட்டு, ஆபத்து ஏதுமில்லை என்றால் அம்புக்குறி காட்டும் திசையில் திருப்பினால் வெளியே வந்துவிடும். டிசி வேக சார்ஜர்களில் (பேட்டரிக்கு நேராக டிசி, அதாவது நேர்மின்சாரம் தரும் பெரிய பெட்டிகளில்) பொத்தானை விடுவித்த பிறகும் இயந்திரம் தானாக எழாமல் இருக்கலாம். அப்போது உதவி எண்ணை அழைத்து, தொலைவிலிருந்தே மீண்டும் தொடங்கச் சொல்லுங்கள். ‘சரிபார்த்துச் சொல்கிறோம்’ என்ற பதிலோடு விட்டுவிட வேண்டாம்; அழைப்பில் இருக்கும்போதே செய்யச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நிமிடங்களில் உயிர் வருகிறதா என்று தெரிந்துவிடும்.

பொத்தான் சரியாக இருந்தும் விளக்கில்லை என்றால் மின்பெட்டியில் பிரேக்கர் விழுந்திருக்கும். அதற்கான பகுதி கீழே இருக்கிறது.

‘இணைக்கப்பட்டது’ என்கிறது, ஆனால் சார்ஜ் ஏறவில்லை

எனக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான். பிளக் போயிருக்கிறது, விளக்கு எரிகிறது, இருவரும் வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். அதாவது 9 வோல்ட்டில் நிற்கிறார்கள். அடுத்த அடியை யார் எடுத்து வைக்கவில்லை என்பதுதான் கேள்வி.

வண்டியின் பக்கம் முதலில் பார்க்க வேண்டியது நேர அமைப்பு. ‘இரவு இத்தனை மணிக்குப் பிறகு மட்டும் சார்ஜ் செய்’ என்று வண்டியின் திரையிலோ செல்பேசிச் செயலியிலோ வைத்திருப்பீர்கள். சில வண்டிகள் அதை இடத்தோடு சேர்த்து நினைவில் வைக்கும். சில வண்டிகள் எங்கே செருகினாலும் அதையே கடைப்பிடிக்கும். வண்டியிலும் ஒரு நேரம், கம்பத்தின் செயலியிலும் வேறொரு நேரம் என்று வைத்துவிட்டு, இரண்டும் ஒன்றையொன்று தொடாத நேரங்களாக இருந்ததால் மூன்று நாள் சார்ஜே ஏறாமல் தவித்த ஒருவரை எனக்குத் தெரியும். அந்த ஒருவர் நான்தான். ஏதாவது ஓரிடத்தில் மட்டும் நேரம் வையுங்கள்.

அடுத்தது உச்ச வரம்பு. 80 சதவீதத்தில் நிறுத்து என்று வைத்திருக்கும் வண்டி 81 சதவீதத்தில் இருந்தால், அதற்குப் பசியில்லை. கோளாறு ஒன்றுமில்லை.

கம்பத்தின் பக்கம் பார்த்தால், அனுமதி கிடைக்காமல் இருக்கலாம். சில கம்பங்கள் முதலில் பிளக்கைச் செருகச் சொல்லும், பிறகு அட்டையையோ செயலியையோ காட்டச் சொல்லும். சில இதற்கு நேர்மாறு: அட்டையைக் காட்டிய பிறகு குறுகிய நேரத்துக்குள் செருகாவிட்டால் அனுமதி காலாவதியாகிவிடும். கேபிளின் சிக்கை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்துபோகும். எனவே கேபிளை முதலில் விரித்து, வண்டியருகே கொண்டுவந்து வைத்துவிட்டு, பிறகு அனுமதியைத் தொடங்குங்கள். நிலவறையில் செல்பேசிக்கு அலைவரிசை கிடைக்காததால் செயலி சுற்றிக்கொண்டே இருக்கும்; அங்கே அட்டை கைகொடுக்கும். பல கம்பங்கள் அட்டை எண்களைத் தம் நினைவிலேயே வைத்திருப்பதால் இணையம் இல்லாவிட்டாலும் ஏற்றுக்கொள்ளும். சார்ஜ் தொடங்காமலேயே உங்கள் கணக்கிலிருந்து ஒரு தொகை பிடித்துவைக்கப்பட்டிருந்தால் அது முன்பிடிப்பு; வழக்கமாகத் தானாக விடுவிக்கப்படும். பதற்றத்தில் நான்கு முறை திரும்பத் திரும்ப முயன்றால் நான்கு தொகைகள் பிடிபடும், அவ்வளவுதான் லாபம்.

மூன்றாவது காரணம், பலர் சேர்ந்து பயன்படுத்தும் இடங்களுக்கே உரியது: வரிசை. பொது மின்பெட்டியிலிருந்து எல்லாக் கம்பங்களுக்கும் சேர்த்து 32 ஆம்பியர்தான் உண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு வண்டி செருகினால் முழுவதும் அதற்கே. இரண்டு வந்தால் 16, 16. நான்கு வந்தால் தலைக்கு 8. ஐந்து வந்தால் 6.4. ஆறாவது வண்டி வந்தால் தலைக்கு 6 ஆம்பியருக்கும் கீழே போகும். கம்பமும் வண்டியும் பேசும் அந்த மொழியில் 6-க்குக் கீழே சொல்வதற்குச் சொல்லே கிடையாது. மிகக் குறைந்த சலுகையே 6 ஆம்பியர்தான். அதனால் ஆறாவது வண்டி காத்திருக்கும். கம்பம் அதை ‘பொறு’ என்ற நிலையில் நிறுத்திவைக்கும், வண்டியின் திரையோ ‘சார்ஜிங் நிலையத்தில் மின்சாரம் இல்லை’ என்று பொய்யாகப் பயமுறுத்தும். எல்லோரும் வேலை முடிந்து வந்து செருகும் மாலை நேரத்தில் இது நடந்து, விடிவதற்குள் தானே சரியாகிவிட்டால் எதையும் பழுதுபார்க்க வேண்டாம். முழுதாக ஏறிய வண்டிகளை நகர்த்தி வைக்கும் நல்ல பழக்கம் போதும். சுமைப் பங்கீட்டுக் கருவி இன்னும் கொஞ்சம் புத்திசாலியாக இருந்தால், வண்டிகளை முறை வைத்து மாற்றி மாற்றிக் கவனிக்கும்.

இவை எதுவுமில்லை என்றால் பிளக்கைக் கழற்றி, ஒரு நிமிடம் விட்டு, வண்டியைப் பூட்டித் திறந்து, மறுபடி செருகுங்கள். சில வண்டிகள் ஒருமுறை மறுக்கப்பட்டால் கோபித்துக்கொண்டு தூங்கிவிடும். பிறகு கம்பம் அழைத்தாலும் எழாது. மீண்டும் செருகுவதுதான் அவற்றை எழுப்பும் வழி.

தொடங்கிய சில நொடிகளில் நின்றுவிடுகிறது

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை இது. டிசி வேக சார்ஜர்களில்தான் அதிகம் நடக்கும். காரணம், அங்கே பேச்சு மிக நீளமானது. முன்பு சொன்ன அதே மெல்லிய கம்பியில் சிசிஎஸ் (டிசி வேக சார்ஜிங்குக்கான ஒரு பொதுத் தரம்) வகைச் சார்ஜர் 5 சதவீதத் துடிப்பை, அதாவது ஒவ்வொரு சுற்றிலும் 5 சதவீத நேரம் மட்டும் உயர்ந்து நிற்கும் துடிப்பை அனுப்பும். ‘வா, கணினிபோல் பேசுவோம்’ என்று அதற்குப் பொருள். பிறகு வண்டி தன் மின்னழுத்தத்தையும் தாங்கும் ஆம்பியரையும் சொல்லும். பிளக் பூட்டப்படும். அதன்பின் மின்கசிவு ஏதேனும் உண்டா என்று அறிய, சார்ஜர் கேபிளில் உயர் மின்னழுத்தம் கொடுத்துச் சோதிக்கும். பிறகு வண்டியின் பேட்டரி மின்னழுத்தத்துக்கு நிகராகத் தன் மின்னழுத்தத்தை உயர்த்தும். இத்தனையும் தேறினால்தான் உண்மையான மின்சாரம் ஓடும்.

இந்தத் தேர்வுகளில் மிக எளிதாகத் தோற்கடிப்பது கேபிளின் எடை. கன் என்று பலரும் சொல்லும் அந்தப் பிளக் கனமானது. கேபிள் கீழே இழுப்பதால் அது சற்றே சாய்ந்து, நுண்ணிய ஊசிகள் சரியாகத் தொடாமல் போகும். தொடங்கும்போது கன்னை இரு கைகளாலும் கீழிருந்து தாங்கி, வண்டியை நோக்கி நேராக அழுத்திப் பிடியுங்கள். பூட்டும் ஓசை கேட்டு, ஆம்பியர் ஏறத் தொடங்கிய பிறகு கையை எடுங்கள். வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் நான் அறிந்த வரையில் இதைவிட அதிகம் பலித்த வைத்தியம் வேறில்லை.

‘காப்புப் பிழை’ அல்லது ‘இன்சுலேஷன்’ என்ற சொல் திரையில் வந்தால் ஈரத்தைச் சந்தேகியுங்கள். கன் மழையில் நனைந்து தரையில் கிடந்திருக்கலாம். நீரை உதறிவிட்டு வேறு கன்னில் முயலுங்கள். ஊசிகளுக்குள் துணியையோ குச்சியையோ நுழைக்காதீர்கள். வேறு சார்ஜரிலும் அதே சொல் வந்தால் பிரச்சினை வண்டியில் இருக்கிறது. அது பணிமனைக்கு உரிய வேலை.

ஏறுகிறது, ஆனால் ஆமை வேகம்

‘22 கிலோவாட் என்று எழுதியிருக்கிறது, எனக்கு 7 தான் வருகிறது, ஏமாற்றுகிறார்கள்’ என்று ஒரு முறையாவது எல்லோரும் சொல்லியிருப்போம். ஏசி (மாறுமின்சாரம்) தரும் கம்பம் உண்மையில் சார்ஜரே அல்ல. பாதுகாப்புள்ள ஒரு சாக்கெட் மட்டுமே. ஏசியை டிசியாக மாற்றும் சார்ஜர் வண்டிக்குள் இருக்கிறது. அது ஒற்றைக் கட்டத்தில் (சிங்கிள் பேஸ்) 32 ஆம்பியர் மட்டும் எடுக்கக்கூடியதாக இருந்தால், 230 வோல்ட்டைப் பெருக்கிப் பார்த்தால் 7.36 கிலோவாட். கம்பம் மூன்று கட்டங்களில் 22 தரத் தயாராக நின்றாலும், வண்டி ஒரு வாயால்தான் குடிக்கும்.

கேபிளும் குற்றவாளியாகலாம். நீங்களே எடுத்துச் செல்லும் டைப் 2 (ஏசி கம்பங்களில் செருகும் ஒரு பிளக் வகை) கேபிளின் பிளக்குக்குள் ஒரு சிறு மின்தடை இருக்கிறது. 680 ஓம் என்றால் 20 ஆம்பியர் கேபிள், 220 ஓம் என்றால் 32 ஆம்பியர் கேபிள். கம்பம் அதைப் படித்து அதற்கு மேல் தராது. பக்கத்து வீட்டுக்காரரிடம் இரவல் வாங்கிய மெல்லிய கேபிளில் வேகம் குறைந்தால் அது கேபிள் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் விதம்.

டிசியில் கணக்கு வேறு. சார்ஜரில் எழுதியிருக்கும் கிலோவாட் உச்ச எண். திறன் என்பது மின்னழுத்தத்தையும் ஆம்பியரையும் பெருக்கி வருவது. 125 ஆம்பியருக்கு மேல் தராத ‘50 கிலோவாட்’ சார்ஜரில் உங்கள் பேட்டரி 360 வோல்ட்டில் இருந்தால் 45 கிலோவாட்தான் வரும். யாரும் எதையும் திருடவில்லை. 800 வோல்ட் வண்டியை 500 வோல்ட்டுக்கு மேல் போகாத பழைய சார்ஜரில் செருகினால், வண்டிக்குள் மின்னழுத்தத்தை உயர்த்தும் ஏற்பாடு இல்லாதபோது ஒன்றுமே ஏறாது. ஒரே பெட்டியில் இரண்டு கன் இருந்தால், பக்கத்தில் இன்னொருவர் செருகியதும் உங்கள் பங்கு பாதியாகலாம். காலியாக நிற்கும் பெட்டியாகப் பார்த்துப் போங்கள்.

80 சதவீதத்துக்கு மேல் வேகம் சரிவது இயல்பு. குளிரில் தொடக்கம் முதலே மந்தமாக இருப்பதும் இயல்புதான்: குளிர்ந்த லித்தியம் பேட்டரிக்குள் வேகமாக மின்சாரத்தைத் திணித்தால் லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரியைக் கெடுக்கும் என்பதால் கட்டுப்பாட்டுச் சுற்று கதவைச் சாத்தி வைக்கிறது. சார்ஜிங் நிலையத்தை வண்டியின் வழிகாட்டியிலேயே இலக்காக வைத்தால், போகும் வழியில் பேட்டரியைத் தானே சூடேற்றிக்கொள்ளும் வண்டிகள் உண்டு. செல்பேசியின் வரைபடத்தைப் பார்த்து ஓட்டினால் வண்டிக்கு எங்கே போகிறோம் என்றே தெரியாது.

டிரிப் ஆகிறது

எப்போது விழுகிறது என்பதை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். செருகிய உடனே விழுந்தால் மின்கசிவு. அரை மணி, ஒரு மணி கழித்து விழுந்தால் மிகைச் சுமை அல்லது சூடு. மழை பெய்யும்போது மட்டும் விழுந்தால் எங்கோ நீர் புகுந்திருக்கிறது.

மின்கசிவுப் பாதுகாப்பான் வழக்கமாக 30 மில்லிஆம்பியர் கசிவில் துண்டிக்கும். மின்வாகனத்துக்கு அது மட்டும் போதாது. வண்டியிலிருந்து டிசி கசிவு வந்தால் சாதாரணப் பாதுகாப்பான் மந்தமாகிவிடக்கூடும். பிறகு உண்மையான ஆபத்து வரும்போது அது விழாது. அதனால்தான் கம்பங்களில் 6 மில்லிஆம்பியர் டிசி கசிவைக் கண்டுபிடிக்கும் தனி ஏற்பாடு இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட வண்டி வந்தால் மட்டும் கம்பம் விழுகிறது என்றால், கம்பம் தன் கடமையைச் செய்கிறது. வண்டியைச் சோதிக்க வேண்டும். எந்த வண்டி வந்தாலும் விழுந்தால் கம்பத்தையோ எர்த் இணைப்பையோ பார்க்க வேண்டும்.

ஒரு முறை மட்டும் மேலே ஏற்றிப் பாருங்கள். இரண்டாவது முறையும் விழுந்தால் அத்தோடு விட்டுவிட்டு மின்பணியாளரை அழையுங்கள். பிரேக்கரை விரலால் பிடித்துக்கொண்டு நிற்பவர்களையும், விழாமல் இருக்கப் பெரிய பிரேக்கர் மாட்டச் சொல்பவர்களையும் பார்த்திருக்கிறேன். பெரிய பிரேக்கர் மாட்டினால் விழாதுதான். சுவருக்குள் இருக்கும் கம்பி பிரேக்கருக்குப் பதிலாகச் சூடாகும்.

வீட்டு சாக்கெட்டும் பிளக்கும் சுடுகின்றன

கையை வைத்து எடுக்க வேண்டிய சூடு வந்தால் உடனே நிறுத்துங்கள். வீட்டு சாக்கெட்டுகள் கொஞ்ச நேரம் அதிக மின்சாரம் தரப் பழகியவை. எட்டு மணி நேரம் இடைவிடாமல் தருவது அவற்றுக்கு வேறு வகையான சோதனை. சாக்கெட்டின் பிடி தளர்ந்திருந்தால் தொடும் இடத்தில் மின்தடை கூடும், சூடு வரும், சூட்டில் பிடி இன்னும் தளரும். இந்தச் சுழல் தானாக நிற்காது.

புது சாக்கெட் மாட்டும் வரை வண்டியில் ஆம்பியரைக் குறையுங்கள். சூடு ஆம்பியரின் இருமடிக்கு ஏற்ப ஏறி இறங்கும். 16-லிருந்து 10-க்குக் குறைத்தால் சூடு ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்காகிவிடும். நேரம்தான் கொஞ்சம் கூடும். நீட்டிப்புக் கம்பியைத் தவிர்க்க முடியாத நாளில், உருளையில் சுற்றிய நிலையில் விடாமல் முழுவதையும் அவிழ்த்துப் போடுங்கள். கையடக்க சார்ஜரில் சிவப்பு விளக்கோடு எர்த் பிழை வந்தால், சாக்கெட்டில் எர்த் கம்பி இல்லை அல்லது அறுந்திருக்கிறது. அந்தப் பிழையை ஏமாற்றி மறைக்கும் கருவிகள் கிடைக்கின்றன. வாங்காதீர்கள், வண்டியின் உடல் முழுவதும் உலோகம்.

பிளக்கைக் கழற்ற முடியவில்லை

இழுக்காதீர்கள், உள்ளே தள்ளுங்கள். பிளக்கைப் பூட்டுவது ஒரு சிறு மோட்டார் நகர்த்தும் ஊசி. நீங்கள் இழுக்கும்போது ஊசி பக்கவாட்டில் அழுந்தி நகர முடியாமல் மாட்டிக்கொள்ளும். சார்ஜை நிறுத்தி, பிளக்கை உள்நோக்கி அழுத்தியபடி சாவியால் இரண்டு மூன்று முறை பூட்டித் திறந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். விடாவிட்டால் வண்டியின் கையேட்டில் அவசர விடுவிப்புக் கயிறு எங்கே என்று பாருங்கள். பல வண்டிகளில் பின்பெட்டியின் பக்கச் சுவருக்குப் பின்னாலோ முன்மூடிக்கு அடியிலோ ஒளிந்திருக்கும். கேபிள் கம்பத்தின் பக்கம் மாட்டிக்கொண்டால், அமர்வு இன்னும் முடியவில்லை என்று பொருள்: தொடங்கிய அதே அட்டையால் அல்லது செயலியால் முடிக்க வேண்டும்.

வண்டி விழிக்கவே இல்லை, கதவும் திறக்கவில்லை

பெரிய பேட்டரியில் 70 சதவீதம் இருந்தும் இப்படி நடக்கும். பூட்டு, திரை, கணினிகள், பெரிய பேட்டரியை இணைக்கும் சுவிட்சுகள் எல்லாம் 12 வோல்ட் சிறு பேட்டரியில் ஓடுகின்றன. அது இறந்தால் பெரிய பேட்டரி பூட்டிய களஞ்சியம்தான், சார்ஜும் தொடங்காது. சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியால் கதவைத் திறந்து, கையேடு காட்டும் முனைகளில் வெளியிலிருந்து 12 வோல்ட் கொடுத்தால் வண்டி எழும். எழுந்ததும் பெரிய பேட்டரி சிறியதை நிரப்பத் தொடங்கும். உங்கள் மின்வாகனத்திலிருந்து மற்றவர் வண்டிக்கு இப்படி உயிர் கொடுக்கலாமா என்பதற்குக் கையேட்டைப் பாருங்கள். பல நிறுவனங்கள் கூடாது என்கின்றன. அடிக்கடி இது நடந்தால், செயலியில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வண்டியின் சதவீதத்தைப் பார்க்கும் பழக்கம் உண்டா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பல வண்டிகளில் ஒவ்வொரு முறையும் அது உறக்கத்திலிருந்து எழுந்து பதில் சொல்கிறது.

மின்சைக்கிள்: சார்ஜரில் உடனே பச்சை விளக்கு

சார்ஜ் ஏறும்போது சிவப்பு, முடிந்ததும் பச்சை என்பது பொது வழக்கம். பேட்டரி காலி என்று தெரிந்தும் செருகியவுடன் பச்சை எரிந்தால், மின்சாரம் எங்கும் போகவில்லை என்று பொருள். மல்டிமீட்டர் இருந்தால் ஐந்து நிமிட வேலை. 36 வோல்ட் பேட்டரியில் பத்துக் கலங்கள் (செல்கள்) தொடராக இருக்கின்றன. முழுதாக நிறைந்தால் 42 வோல்ட். 48 வோல்ட் பேட்டரியில் பதின்மூன்று, நிறைந்தால் 54.6. சார்ஜரின் வெளிமுனையை அளந்தால் இந்த எண் வர வேண்டும். ஊசிகள் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் கவனமாக அளக்கவும். வராவிட்டால் சார்ஜர் போய்விட்டது. பேட்டரியோடு பேசிய பிறகே மின்சாரம் தரும் சார்ஜர்களும் உண்டு. அவற்றில் பூஜ்யம் காட்டுவது பிழையாகாது.

சார்ஜர் சரி என்றால் பேட்டரியின் முனையை அளங்கள். 36 வோல்ட் பேட்டரியில் 30-க்குக் கீழே இருந்தால் பிஎம்எஸ் என்னும் காவல் சுற்று வெளியே மின்சாரத்தைத் துண்டித்திருக்கலாம். பூஜ்யம் என்றால் ஃபியூஸ் போயிருக்கலாம். மாதக்கணக்கில் காலியாக வைத்திருந்து கலம் ஒன்றுக்கு 2.5 வோல்ட்டுக்கும் கீழே போன பேட்டரியை, பிஎம்எஸ்ஸைத் தாண்டி நேரடியாக மின்சாரம் கொடுத்து எழுப்பும் வித்தைகளைக் காணொளிகளில் காட்டுகிறார்கள். உள்ளே செம்பு கரைந்து படிந்திருக்கும் கலம் எழுந்தாலும் நம்பத்தக்கதில்லை. நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் பாதியளவு சார்ஜில் நிறுத்தியிருக்க வேண்டும்.

பொருந்துகிறது என்பதற்காக வேறு சைக்கிளின் சார்ஜரைச் செருகாதீர்கள். ஒரே துளை, ஒரே பிளக், உள்ளே 42-க்குப் பதில் 54.6 வோல்ட் வரும். பொது சைக்கிள் நிறுத்தத்தில் சார்ஜர்களை மாற்றி எடுத்துப் போவது எளிது. அதனால் ஒவ்வொன்றிலும் வோல்ட் எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டிவையுங்கள்.

திரை எரிகிறது, மோட்டார் தள்ளவில்லை

மின்ஸ்கூட்டராக இருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டைப் பாருங்கள். சிரிக்க வேண்டாம். பாதி மடங்கிய ஸ்டாண்டும், சேறு படிந்த அதன் சென்சாரும் பல பணிமனைப் பயணங்களுக்குக் காரணம்.

மின்சைக்கிளில் அதே வேலையைச் செய்வது பிரேக் பிடி. பிடியை அழுத்தினால் மோட்டார் நிற்க வேண்டும் என்பதற்காக அதில் ஒரு சிறு சுவிட்ச் இருக்கிறது. அது ஒட்டிக்கொண்டால், நீங்கள் எப்போதும் பிரேக் பிடித்திருப்பதாக மோட்டார் நம்பும். இரண்டு பிடிகளையும் பத்து முறை அழுத்தி விட்டுப் பாருங்கள்.

மிதிக்கும்போது மோட்டார் தரும் உதவி சில நொடிகள் வந்து நின்று, வேகம் பூஜ்யம் என்று காட்டினால் பின்சக்கரக் கம்பியில் இருக்கும் காந்தம் நகர்ந்திருக்கிறது. சென்சாருக்கும் காந்தத்துக்கும் இடையே ஒரு விரல் தடிமனுக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. திரையில் போஷ் நிறுவன மோட்டார்களில் 503, பாஃபாங் நிறுவன மோட்டார்களில் 21 என்று வரும் பிழை எண்கள் சொல்வதும் இதைத்தான். பாஃபாங்கில் 30 வந்தால் கம்பிகளுக்கிடையே பேச்சு அறுந்திருக்கிறது: ஒவ்வொரு இணைப்பையும் நேராக இழுத்துக் கழற்றி, ஊசி வளைந்திருக்கிறதா, ஈரம் இருக்கிறதா என்று பார்த்து, அம்புக்குறிகளை எதிரெதிரே வைத்துச் செருகுங்கள். முறுக்கினால் ஊசி வளையும். ஷிமானோ மோட்டாரில் டபிள்யூ 013 வந்தால், இயக்கும்போது மிதிகட்டையில் கால் இருந்திருக்கிறது. காலை எடுத்துவிட்டு அணைத்து மீண்டும் இயக்குங்கள். கால் அழுத்தத்தின் பூஜ்யப் புள்ளியை அந்த நொடியில்தான் அது கற்றுக்கொள்கிறது.

மேட்டில் மட்டும் அணைந்துபோகிறது

சமதளத்தில் 40 சதவீதம் காட்டும். மேடு ஏறியதும் திரையே இருண்டுவிடும். பழைய பேட்டரியின் உள்தடை கூடியிருக்கிறது. 0.3 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: மோட்டார் 15 ஆம்பியர் இழுத்தால் 4.5 வோல்ட் உள்ளேயே தொலைந்துபோகும். 35 வோல்ட்டில் இருந்த பேட்டரி 30.5 ஆகி, துண்டிக்கும் எல்லையைத் தொட்டுவிடும். சற்று ஓய்வு கொடுத்தால் மீண்டும் எழும். கியரைக் குறைத்து, உதவி அளவையும் குறைத்தால் வீடு வந்து சேரலாம். புதிய பேட்டரியில் இது நடந்தால் ஒரு கலம் மட்டும் பலவீனமாக இருக்கிறது. உத்தரவாதக் காலத்துக்குள் பணிமனைக்குப் போங்கள்.

ஓடும் தூரம் கழுதை தேய்ந்து கட்டெறும்பாகிவிட்டது

பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன் டயரில் காற்றைப் பாருங்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, பிரேக் உரசுகிறதா என்று பாருங்கள். பிறகு கணக்குப் போடுங்கள்: 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரியில் 360 வாட்-மணி இருக்கிறது. கிலோமீட்டருக்கு 12 வாட்-மணி செலவானால் 30 கிலோமீட்டர். விளம்பரத்தில் இருந்த தூரம் யாரோ மெலிந்த ஒருவர், காற்றில்லாத நாளில், குறைந்த உதவியில் ஓட்டியது.

சதவீதம் திடீரென்று 50-லிருந்து 20-க்குக் குதித்தால் கலங்கள் சமமாக இல்லை. பெரும்பாலான பிஎம்எஸ் முழுச் சார்ஜை நெருங்கும்போதுதான் கலங்களைச் சமப்படுத்தும். பச்சை வந்ததும் கழற்றிவிடுபவர்களின் பேட்டரிக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை. நீங்கள் விழித்திருக்கும் ஒரு பகலில், பச்சை வந்த பிறகும் சில மணி நேரம் விட்டுவையுங்கள். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரியுள்ள கார்களிலும் சதவீதம் பொய் சொல்லும். அந்த வகையில் நடுப்பகுதி முழுவதும் மின்னழுத்தம் மாறாமல் தட்டையாக இருப்பதால் மீதியை அளப்பது கடினம். அவ்வப்போது 100 வரை ஏற்றினால் கணக்கு நேராகும்.

பேட்டரி வீங்கியிருக்கிறது, இனிப்பான ரசாயன வாடை, ‘உஸ்’ என்ற ஓசை

இங்கே பிழை நீக்கும் வழிமுறை கிடையாது. சார்ஜரை சுவரில் அணைக்க முடிந்தால் அணையுங்கள். புகை இல்லாமல் வெறும் வீக்கம் என்றால், எரியக்கூடியவை இல்லாத திறந்தவெளியில் வைத்துவிட்டு விற்றவரையோ பேட்டரிக் கழிவு எடுப்பவர்களையோ அழையுங்கள். ஓசையோ புகையோ தொடங்கியிருந்தால் பேட்டரியைத் தொட வேண்டாம். ஆட்களை வெளியேற்றி, கதவைச் சாத்தி, தீயணைப்புத் துறையை அழைத்து, ‘லித்தியம் பேட்டரி’ என்ற சொல்லை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். மின்சைக்கிளை மாடிப்படிக்கு அடியிலோ வீட்டின் ஒரே வாசலருகிலோ சார்ஜ் போடக்கூடாது என்று நான் ஓயாமல் சண்டையிடுவது இதற்காகத்தான். தீ வந்தால் ஓட வேண்டிய வழியிலேயே அது நிற்கும்.

புகார் எழுதும்போது

கம்பத்தில் ‘பழுது’ என்று ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போகிறவர்களால் எனக்கு ஒரு பயனும் இல்லை. அந்தத் தாள் எப்போது ஒட்டப்பட்டது என்றுகூடத் தெரியாது. சரியாகி இரண்டு வாரம் ஆன கம்பத்தில் அது ஆடிக்கொண்டிருக்கும், எல்லோரும் அதைத் தாண்டிப் போவார்கள். கம்பத்தின் எண், நாள், நேரம், விளக்கின் நிறம், திரையில் வந்த எழுத்து அப்படியே, வண்டியின் மாதிரி, கேபிள் யாருடையது, வேறு கம்பத்தில் ஏறியதா: இவற்றை எழுதி, திரையைப் படம் எடுத்து அனுப்புங்கள். கடைசியாகச் சொன்னதை மட்டும் விட்டுவிடாதீர்கள். வேறு கம்பத்தில் ஏறியது என்று நீங்கள் எழுதியிருந்தால் நான் கருவிப்பெட்டியோடு இறங்கி வருவேன். அங்கும் ஏறவில்லை என்றால், வெறுங்கையோடு வந்து உங்கள் வண்டியின் திரையில் நேர அமைப்பைத் தேடுவேன்.